தென்காசியில் வீடு கைமாறிய கதை

தென்காசிப் பக்கம் வீடு விற்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எல்லாவற்றையும் கைபேசி மாற்றிவிட்டது என்ற முடிவுக்கு வர யாருக்கும் அதிக நேரம் ஆவதில்லை. ஒரு காலத்தில் தரகர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன சேதி, இன்று வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வருகிறது. மேலகரத்தில் விலைக்கு வந்த வீட்டின் புறவாசல் வரைக்கும் துபாயில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறார். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் சேதி பரவுவது வேறு, வீடு கைமாறுவது வேறு. இந்த ஊர்களின் கடந்த ஒன்றரை நூற்றாண்டை நிதானமாகப் பார்த்தால், வீட்டு விற்பனையை உண்மையில் மாற்றிய கருவி பதிவேடுதான் என்று தெரிகிறது. தபால், ரயில், தந்தி, தொலைபேசி, கைபேசி என ஒவ்வொன்றும் வாங்குகிறவரை இன்னும் கொஞ்சம் தொலைவிலிருந்து அழைத்து வந்தது. அந்தத் தொலைதூரத்து மனிதர் நம்பிப் பணத்தை எடுத்து வைக்க வேண்டியதைப் பதிவேடு கொடுத்தது. அது கொடுக்கத் தவறிய இடங்களில் வழக்குதான் மிஞ்சியது.

பதிவேட்டுக்கு முந்திய நிலையிலிருந்து தொடங்குவோம். நிலம் கைமாறியதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய சாட்சி கோயில் சுவர். குற்றாலநாதர் கோயிலில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு; பராக்கிரம பாண்டியன் 1446-ல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலும் கல்வெட்டுள்ள கோயில்தான். பொதுவாகத் தமிழகத்தின் விலை ஆவணக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டால், விற்றவர் யார், வாங்கியவர் யார், நான்கெல்லை எவை, விலை என்ன, பணம் பாக்கியின்றிக் கைக்கு வந்ததா, மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்தியா, சாட்சிகள் யார் என்று இன்றைய கிரயப் பத்திரம் கேட்கும் அத்தனை கேள்விக்கும் அவற்றில் விடை இருக்கும். பத்திர எழுத்தர்கள் இன்றும் விடாமல் எழுதிவரும் நிதி, நிட்சேபம், சலம், தரு, பாஷாணம் முதலான எட்டு வகைப் பாத்தியங்களும் அந்த வழிவந்தவையே. ஆனால் கல்லில் ஏறியவை பெரும்பாலும் கோயிலுக்கோ சபைக்கோ சேர்ந்த நிலங்கள். சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்கு ஓலைதான். ஓலை விற்றவர் கையிலிருந்து வாங்கியவர் பெட்டிக்குப் போகும். மூன்றாவது மனிதர் அதைப் பார்க்க வழியில்லை. மூன்றாவது மனிதருக்கு உண்மை தெரிய வேண்டுமானால் தெருவைத்தான் கேட்க வேண்டும்.

தெருவுக்குத் தெரிந்திருந்தது கொஞ்சமல்ல. திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகள் திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று குறுகலாக நீண்டு, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்பவை. நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுவா, ஒருவருக்கு மட்டும் சொந்தமா, ஓட்டுத் தண்ணீர் யார் பக்கம் விழலாம், கிணற்றில் யாருக்குப் பாதி, வளவுக்குள் போகும் நடைபாதை யாருடையது என்பவையெல்லாம் எழுத்தில் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் நினைவில் இருந்தன. வீடு எந்தச் செட்டியாரிடம் அடமானத்தில் இருக்கிறது, மூத்தவர் இளையவருக்குப் பங்கு கொடுத்தாரா இல்லையா என்பதும் அப்படித்தான். அதனால்தான் சட்டம் சொல்லாவிட்டாலும், விற்கிறவர் முதலில் பங்காளியிடமும் அடுத்த வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்பது ஊர்வழக்கமாக இருந்தது. மரியாதை அதற்குப் பாதிக் காரணம். அவர்கள் மறுத்தால் வெளியாள் வாங்கத் துணியமாட்டார் என்பது மீதிக் காரணம். நிலத்தைப் பொறுத்தவரை இதே வேலையை ஊர்க்கணக்கரான கர்ணம் செய்தார். அவர் கணக்கும் அவர் தலையும் ஏறக்குறைய ஒன்று. அப்பன் வைத்த கணக்கை மகன் படிப்பான், வேறொருவர் படிப்பது சிரமம்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். 1865 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அது பலமுறை திருத்தி எழுதப்பட்டு 1908-ல் இன்றைய வடிவத்தை அடைந்தது. இடையில் 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவான பத்திரத்தால் மட்டுமே நடக்க முடியும் என்றது. பத்திரத்தைப் பதிவுசெய்வது கட்டாயம் என்பதைத்தான் வரலாற்றில் பெரிதாகச் சொல்வார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரியது பதிவுச் சட்டத்தில் ஓசையில்லாமல் கிடக்கும் 57-ஆம் பிரிவு: கட்டணம் செலுத்தும் எவரும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் பார்க்கலாம். ஆள் பெயரால் ஓர் அட்டவணை, சொத்தால் ஓர் அட்டவணை. ஓலைக் காலத்தில் மூடிக்கிடந்த பெட்டி இதனால் திறந்தது. தெருவில் ஒருவரையும் தெரியாத வெளியூர்க்காரரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வில்லங்கம் பார்க்க முடிந்தது. 1929-ல் சொத்து மாற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு பத்திரம் பதிவானாலே அது பின்னால் வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதினார்கள். இனிமேல் ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று தப்ப முடியாது. யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது என்ற நிலை போய், தானே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை வாங்குகிறவர் தலையில் விழுந்தது.

இந்த வட்டாரத்தில் பதிவேட்டுக்கு ஓர் எல்லைக்கோடும் இருந்தது. தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் உள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தது. ராஜா வேறு, சட்டம் வேறு, 1951-ல் இந்தியத் தபால் துறையோடு இணையும்வரை தபாலும் வேறு. 1904-ல் புனலூர் வரை மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கியபின், சரக்கும் சம்பந்தமும் எல்லையை மதிக்காமல் போய்வந்தன. ஆனால் தென்காசி மாப்பிள்ளைக்குச் செங்கோட்டையில் வீடு வாங்க வேண்டுமானால் இன்னொரு சமஸ்தானத்தின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்த தொலைவைப் பதிவேடு கடக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. வேகமான வாகனம் வந்த உடனே சந்தை ஒன்றாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் உதாரணத்தைக் கவனிக்கலாம்.

கடல் கடந்த தூரமும் இப்படியே. கடையநல்லூர் நெசவாளர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நடந்தது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பக்கம் இன்றும் கடையநல்லூர் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கே சம்பாதித்த பணம் ஊரில் வீடாக நின்றது. வீடு விலைக்கு வந்த சேதி கடிதத்தில் போகும், சம்மதம் கடிதத்தில் திரும்பும், அவசரமென்றால் தந்தி. பிறகு டிரங்க் கால், எண்பதுகளின் இறுதியிலிருந்து மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத். தந்தி 2013 சூலை 14-ஆம் தேதியோடு நின்றும்போயிற்று. சேதியின் வேகம் வாரக்கணக்கிலிருந்து நொடிக்கு வந்த இந்த நூறாண்டில் ஒன்று மட்டும் அசையவில்லை: கையெழுத்துப் போடுகிறவர் சார்பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும், இல்லையென்றால் முறைப்படி உறுதிசெய்த பொது அதிகாரப் பத்திரத்தோடு அவருடைய முகவர் நிற்க வேண்டும். பவர் பத்திரத்தையே கிரயம்போலக் கைமாற்றி விற்கும் பழக்கம் பெருகியபோது, அதனால் உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் பவர் வைத்து விற்க வருகிறவரிடம், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் கேட்கிறார்கள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெருவில் யாரும் கேட்காமலே தெரிந்த விஷயம். அவர் கடல் தாண்டிப் போனபின் அரசாங்கம் அதைக் காகிதமாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தரகர் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று வாங்கும் தரகு, சேதிக்கான கூலி என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி மட்டும் இருந்திருந்தால், தினமலர் 1957-ல் திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்தபின், வீடு விற்பனைக்கு என்ற வரி விளம்பரம் குறைந்த செலவில் பக்கத்து ஊருக்கெல்லாம் போய்ச் சேரும் காலத்திலேயே தரகர் தொழில் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. கைபேசி வந்தும், இணையத்தில் வீடு விற்கும் தளங்கள் வந்தும் படுக்கவில்லை. காரணம், விலைக்கு வந்திருக்கிறது என்பதைச் சொல்வதோடு அவர் வேலை முடிவதில்லை. மூலப்பத்திரம் யாரிடம், எந்த மகன் கையெழுத்துப் போட மறுக்கிறான், அட்வான்ஸை எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் சரக்கு. குற்றாலத்தில் இது இன்னும் வெளிப்படை. அங்கே வாங்க வருகிறவர் பெரும்பாலும் சாரலுக்கு வந்து மனம் இளகியவர். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்ததும், இராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவர் வீட்டுக்கு வந்துபோனதும் அந்த ஊருக்கு ஒரு மவுசைச் சேர்த்தன. சீசனில், சூன் முதல் ஆகஸ்டு வரை, அருவி கொட்டும்போது வீட்டைக் காட்டுவதும் ஏப்ரலில் காட்டாமல் இருப்பதும் தரகர்கள் காலங்காலமாகச் செய்யும் சாமர்த்தியம். இன்றைய வீடியோ அதே சாமர்த்தியத்தை வருடம் முழுக்கச் செய்கிறது. சாரலை எந்த மாதத்திலும் அனுப்பலாம். ஆனால் மனை கோயிலுக்குச் சேர்ந்ததா, கட்டடம் மட்டும் விற்பவருடையதா என்பதை எந்த வீடியோவும் காட்டாது. கோயிலூர்களில் அடிமனை வாடகையில் நிற்கும் வீடுகள் எத்தனையோ என்பதால், இது சின்னக் கேள்வியும் அல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானதுதான். வாங்க ஆள் கூடினால் விலை கூடும். விலை கூடியது கைபேசியாலும் இணையத்தாலும்தானே? மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்ததும், கிராமத்திலிருந்தே உலகத்துக்கு மென்பொருள் எழுத முடிகிறதென்றால், அதுவும் தகவல்தொடர்பின் வேலைதானே? ஒத்துக்கொள்கிறேன்: ஒரு வீட்டை எத்தனை பேர் விரும்பலாம் என்பதைத் தொடர்புக் கருவி தீர்மானிக்கிறது. ஆனால் விருப்பம் விற்பனையாவதைத் தீர்மானிப்பது எது என்று பார்க்க 2016-ஐவிட நல்ல ஆண்டு கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது; அதுவரை எண்ணி எண்ணிச் செலவழித்த டேட்டா தண்ணீராக ஓடியது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே வாரத்தில் ஒரு கதவு அகலத் திறந்தது, இன்னொன்று சாத்திக்கொண்டது. மனைச் சந்தை எந்தக் கதவின் பேச்சைக் கேட்டது என்பது அந்த மாதங்களில் பத்திர அலுவலக வாசலைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 8-ன் பணமதிப்பிழப்பும் சேர்ந்துகொண்டதால் பழி முழுவதையும் ஆணையின்மேல் போட முடியாதுதான். ஆனால் செப்டம்பரிலும் அக்டோபரிலும் பணம் செல்லுபடியாகத்தான் இருந்தது. 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகே சந்தைக்கு வழி பிறந்தது. கையில் எத்தனை கைபேசி இருந்தும், பதிவேடு வாங்கிக்கொள்ளாத மனையை விற்க முடியவில்லை.

விலை விஷயத்திலும் கருவி வாக்களித்த வெளிச்சம் வரவில்லை. வழிகாட்டி மதிப்பைத் தெருவாரியாக இப்போது யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2017 சூனில் அதை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக ஏற்றினார்கள். 2023-ல் பழைய மதிப்புக்குத் திரும்பி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு தனி. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பத்திரத்தில் விலை எழுதப்படுகிறதே தவிர, கைமாறிய தொகை வேறாக இருப்பது ஊரறிந்த ரகசியம். கல்வெட்டில் எழுதிய காசுக்கு இருந்த நாணயம் இன்றைய கணினிப் பதிவுக்கு உண்டா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பதிவேட்டின் இரண்டாவது பெரிய திருப்பம் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது. அது பாதி வெற்றி, பாதி விபத்து. 1979-ல் தொடங்கி 1987-ல் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் யூ.டி.ஆர். என்று அறிவார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு ஒழித்தது. கர்ணத்தின் இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைப் பதவியை ஒழித்தது சரியே. ஒரு சாதியின், ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் ஊர்க்கணக்கு கிடப்பதை எந்தச் சனநாயகமும் பொறுக்கக் கூடாது. ஆனால் நிலத்தை அறிந்தவரை அனுப்பிவிட்டு அதே வேளையில் கணக்கைப் புதிதாக எழுதியதன் விளைவு, பெயர் மாறிப்போன பட்டாக்களும் அளவு பிசகிய உட்பிரிவுகளுமாக இன்றுவரை தாலுகா அலுவலகங்களில் மனுவாக நிற்கிறது. ஊர் நத்தத்தில் இருந்த வீடுகளுக்கு அதற்குப் பிறகுதான் நத்தம் பட்டா வந்தது. அதுவரை தீர்வை ரசீதும் மின் இணைப்பு அட்டையுமே வீட்டுக்குச் சாட்சி. 2000-ல் பதிவுத் துறை கணினிக்கு மாறத் தொடங்கி, 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்தபோது இந்தப் பிழைகளும் அப்படியே திரைக்கு ஏறின. முன்பு எழுத்தர் பேரேட்டைப் புரட்டி ஒரு வாரத்தில் தந்த வில்லங்க விவரத்தை இன்று வீட்டிலிருந்து பார்க்கலாம், அதுவும் காசில்லாமல். 57-ஆம் பிரிவு காகிதத்தில் தந்த உரிமை நூற்றுப் பத்தாண்டு கழித்து எல்லார் கைக்கும் வந்தது. கைபேசி இந்த வரலாற்றில் நுழையும் உண்மையான இடம் இதுதான் என்பேன்: வீட்டின் படத்தை அனுப்பியதில் இல்லை, பதிவேட்டைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்ததில்.

தெருவின் நினைவை இவ்வளவு உயர்த்திச் சொல்லிவிட்டு அதன் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடும். எந்த வீடு யாருடையது என்று அறிந்த அதே தெரு, அந்த வீட்டை யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்றும் தீர்மானித்தது. அக்கிரகாரத்திலோ வேறெந்தச் சாதித் தெருவிலோ வெளிச்சாதிக்காரர் வீடு வாங்குவது எளிதாக இருந்ததில்லை. பங்காளியிடம் முதலில் கேட்பது என்ற வழக்கம் இந்தத் தடைக்கும் வேலிதான். பதிவேடு சாதி பார்த்து அட்டவணை போடவில்லை. பெண்கள் விஷயமும் இப்படியே. பிறந்த வீட்டை அண்ணன் தம்பிகள் விற்கும்போது கட்டிக்கொடுத்த தங்கையைத் தெரு கேட்டதில்லை. 1989 மார்ச்சில் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டமும், 2005-ல் நடுவண் சட்டமும் மகளைப் பங்காளியாக்கிய பிறகு, வாரிசுச் சான்றில் பெயருள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டாலன்றி வாங்குகிறவரின் வக்கீல் ஒப்புவதில்லை. சென்னையில் இருக்கும் தங்கைக்கு வீடு விலைபேசப்படும் சேதி கைபேசியில் அன்றே எட்டுகிறது என்பதும் உண்மை. ஆனால் சேதி எட்டியதால் என்ன பயன்? அவர் கையெழுத்துக்கு மதிப்பு வந்தது சட்டத்தால்.

கடைசி மறுப்பு பதிவேட்டின்மேலேயே வருவது. பதிவேடு அவ்வளவு நம்பத்தக்கதென்றால் ஆள்மாறாட்டமும் போலிப் பத்திரமும் எப்படி நடக்கின்றன? நமது பதிவேடு, இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதை மட்டும் குறிக்கிறது. எழுதிக்கொடுத்தவருக்கு அந்த வீடு சொந்தமா என்று அது உறுதி சொல்வதில்லை. அதைச் சொல்லவைக்கத் தமிழ்நாடு அரசு முயன்றது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்துசெய்யலாம் என்று 2022-ல் நடைமுறைக்கு வந்த 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்றது. விற்பவர் உரிமையைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற 55-ஏ(i) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளியது; உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்பது அதன் வாதம். சட்டத்தின்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கு இதன் பொருள் எளிது: தெரு தந்த உறுதி போய்விட்டது, அரசு அந்த உறுதியை ஏற்கவில்லை, நடுவிலுள்ள இடத்தை வக்கீலும் தரகரும் வங்கியின் சட்ட ஆலோசகரும் ஆளுக்குக் கொஞ்சமாக நிரப்புகிறார்கள். இது பதிவேடு வேண்டாம் என்பதற்கான வாதம் அல்ல. இன்னும் ஆழமான பதிவேடு வேண்டும் என்பதற்கான வாதம்.

அதற்கு இந்த மாவட்டத்தில் செய்ய வேண்டிய வேலை கண்முன்னே இருக்கிறது. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். இணையத்தில் வில்லங்கம் தேடுகிறவருக்குப் பொதுவாக 1975-க்குப் பிந்திய பதிவுகள்தான் கிடைக்கின்றன. அதற்கு முந்தியதற்கு இன்றும் பழைய பேரேடுகளைத்தான் நாட வேண்டும். செங்கோட்டைப் பக்கம் 1956-க்கு முந்திய மூலப்பத்திரங்களில் மலையாளத்தில் எழுதியவையும் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்துவருகிறார்கள். பதிவுத் துறை அந்தப் பேரேடுகளை முழுதும் படமெடுத்து, மலையாளப் பத்திரங்களைத் தமிழில் எழுதி, சொத்து அட்டவணையோடு சேர்த்துப் பொதுவில் வைக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.